மருமகனுக்கு மலையில் ஒரு வேலை

நோர்வேக்கு வந்த பிறகு நான் எழுதிய வேலை விண்ணப்பங்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருந்தால், அதில் ஏறி நின்று மேல்தட்டு மிளகாய்த்தூளை எடுத்திருக்கலாம். பெரும்பாலானவற்றுக்குப் பதிலே வரவில்லை. ஒன்றே ஒன்றுக்கு மட்டும் ஐந்தாம் நாளே தொலைபேசி அடித்தது. அது நான் ஒரு நாய்க்காக எழுதியது.

நாய் என்னுடையதல்ல, மச்சானுடையது. மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. ஓஸ்லோவுக்குப் பக்கத்து நகரமான திராமனில் இருந்தார், வெல்டிங் வேலை. நாட்டின் வடகோடியில், ஹம்மர்பெஸ்டில் எரிவாயு ஆலை கட்டிக்கொண்டிருந்த காலம் அது. நல்ல ஒட்டுக்காரர்களைத் தேடித்தேடி அள்ளினார்கள். மச்சானையும் அள்ளினார்கள். ஒக்டோபரில் போனால் ஈஸ்டருக்குத்தான் திரும்புவார். அங்கே படுக்க ஒரு கட்டில் கொடுத்தார்கள். நாய்க்குக் கட்டில் இல்லை.

எங்களில் பலர் இந்த நாட்டில் குளிரைத் திட்டவே பழகினோம். மச்சான் பதினாறு வயதில் வந்தவர், குளிருக்குள் இறங்கிப் பழகிவிட்டார். பனிச்சறுக்கு, வேட்டைத் துவக்கு, அதற்கு அனுமதிப்பத்திரம், கடைசியாகப் பறவை வேட்டைக்கு ஒரு நாய். வெள்ளை உடம்பில் மிளகு தூவிய மாதிரிப் புள்ளிகள் போட்ட செட்டர் இனம். பத்திரத்தில் மூன்று வரி நீளத்துக்கு ஒரு பெயர் இருந்தது. அதைச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. "தம்பியின்ரை பிள்ளை எண்டால் எனக்கு மருமகன்தானே" என்றாள் மனைவி. மருமகன் என்றே நிலைத்துவிட்டது.

ஒப்படைக்க வந்த அன்று குசினி மேசையடியில் இருந்தபடி மச்சான் சொன்னது எனக்கு இப்போதும் சொல்லுக்குச் சொல் ஞாபகம்.

"அத்தான், இவனுக்கு ரெண்டு வயசு. இந்த விண்டர்தான் முக்கியம். வீட்டுக்குள்ளை கிடந்தானெண்டால் பிறகு ஒருநாளும் வேலைநாயா வரமாட்டான். கிழமைக்கு ஒருக்காலாவது மலைக்குக் கொண்டுபோற ஆரையும் பாத்துப் பிடியுங்கோ."

"ஏனப்பா, எனக்கே இஞ்சை ஒழுங்கான வேலை எடுக்க எட்டு வருஷம் போனது. இப்ப நாய்க்கும் நானோ தேடுறது?"

"அவனுக்கு நொஷ்க் பாஷை வடிவா விளங்கும் அத்தான். உங்களை விடக் கெதியாக் கிடைக்கும்."

நாங்கள் மூவரும் சிரித்தோம். பிறகு மச்சான் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் "பாத்துக்கொள்ளுறன்" என்றேன். சிரித்து முடித்த பிறகு சொல்லும் சொல் கனமானது. அது எனக்கு அப்போது தெரியவில்லை.

நாய்கள் பற்றி எனக்கிருந்த அனுபவமெல்லாம் ஓட்டம் சம்பந்தப்பட்டது. நான் முன்னால், நாய் பின்னால். இவனோ நிற்பதற்காகப் பிறந்தவன். பறவையின் மணம் மூக்கில் பட்டதும் அப்படியே சிலையாகிவிடுவான். ஒரு முன்னங்கால் அந்தரத்தில், வால் நேராக, மூக்கு மணம் வந்த திசையில். பிடிக்க மாட்டான், குரைக்க மாட்டான். மனிதன் வந்து சேரும்வரை நிற்பான். வந்து சொன்ன பிறகுதான் பாய்ந்து பறவையைக் கிளப்புவான். அதுதான் அவன் தொழில்.

எங்கள் வீடு நாலாம் மாடி. தொழிலுக்கு இடம் போதாது. பல்கனிக் கம்பியில் புறா குந்தினால் கண்ணாடிக்கு உள்ளே நின்றான். மனைவி உறைபெட்டியைத் திறந்து கோழியை எடுத்தால் அதன் முன்னால் நின்றான். முதல் நாள் அவன் நின்ற நிலையைப் பார்த்து நாய்க்கு வாதம் வந்துவிட்டதென்று நான் மிருக வைத்தியருக்குத் தொலைபேசி அடித்தேன். தொலைபேசியில் இருந்த பெண் கேட்டாள், பக்கத்தில் கோழி ஏதும் இருக்கிறதா என்று. இருந்தது.

நவம்பர் முடியும்போது சிரிப்புக் குறைந்தது. மனைவி மருமகனுக்கு விருந்து வைத்துக்கொண்டிருந்தாள். "வந்த பிள்ளைக்கு அந்தக் காய்ஞ்ச உருண்டையையே குடுக்கிறது? கேட்டால் தம்பி என்ன நினைப்பான்?" அவிந்த கோழி, மிளகாய் போடாமல். நாயின் இடுப்பு மறைந்துகொண்டிருந்தது. அதைவிடப் பயமானது, அவன் எதுவும் இல்லாத இடத்தில் நிற்கத் தொடங்கியிருந்தான். வாசல் கதவுக்கு முன்னால் போய் ஒரு காலைத் தூக்கி நிற்பான். வெளியே ஒன்றும் இல்லை. பத்து நிமிடம் நின்றுவிட்டு, யாரும் வரவில்லை என்று தெரிந்ததும் படுத்துவிடுவான்.

நான் தேடத் தொடங்கினேன். வேட்டைக்காரர்களின் தொலைபேசி எண்களுக்கு அடித்தேன். ஒருவருக்குச் சொந்த நாய் மூன்று. ஒருவர் பனி அதிகம் என்றார், இன்னொருவர் போதாது என்றார். ஒருவர் என் பெயரை மூன்றுமுறை எழுத்துக்கூட்டச் சொல்லிவிட்டு, திரும்பத் தொலைபேசி எடுப்பதாகச் சொன்னார். அந்த வாக்கியம் எனக்குப் பழைய சிநேகிதன்.

கடைசியில் எனக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினேன். வேலை தேடுவோர் வகுப்பில் எங்களுக்கு விண்ணப்பம் எழுதச் சொல்லித்தந்திருந்தார்கள். அதே அமைப்பில் நாய்க்கு ஒன்று எழுதினேன். வயது இரண்டு. உடல்நலம் நன்று. கோழியினப் பறவைகளில் ஆழ்ந்த ஆர்வம். நேரம் தவறாதவர், தினமும் காலை ஆறு மணிக்கு என் முகத்தை நக்குகிறார். குழுவாக வேலை செய்யக்கூடியவர். குறைபாடு: வீட்டுக்காரர் ஒருவரும் கூட வரக்கூடும், அவர் அனுபவமற்றவர். நான் அப்போது ஓஸ்லோவுக்குப் பக்கத்தில் ஸ்ட்ரோம்மனில், தரை ஓடுகள் அடுக்கி வைக்கும் ஒரு கிட்டங்கியில் வேலை. அருகிலிருந்த வேட்டைச் சாமான் கடையின் அறிவித்தல் பலகையில் அதைக் குத்திவிட்டேன்.

ஐந்தாம் நாள் ஒரு பெண் குரல். "நேரம் தவறாதவரோடு கதைக்கலாமா?" என்று நோர்வே மொழியில் கேட்டது.

"அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்" என்றேன்.

"அதுதான் குறைபாட்டில் எழுத மறந்ததோ?"

அவர் என் வயதுக்காரி. ஓஸ்லோவில் இருந்து காரில் மூன்று மணி நேரம் வடக்கே, மரங்கள் முடிந்து மலைவெளி தொடங்குகிற இடத்தில் வீடு. வாரநாட்களில் வீடுவீடாகப் போகும் தாதி. சனிக்கிழமைகளில் நிலச் சொந்தக்காரர் சிலருக்காக அந்த வெளியை நடந்து, மலைக்கோழிகள் எங்கே ஒதுங்கியிருக்கின்றன என்று குறித்துக் கொடுப்பார். அந்தக் கோழிகள் குளிர்காலத்தில் முழு வெள்ளையாகிவிடும், போதாததற்குப் பனிக்குள் துளை போட்டுப் படுத்துவிடும். மனிதக் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, நாயின் மூக்கு வேண்டும். அவருடைய கிழட்டு நாய்க்கு இடுப்பெலும்பு போய்விட்டது.

"வேலை இருக்கிறது" என்றார். "நன்றாகச் செய்தால் மார்ச் கடைசியில் பறவை நாய்களின் பனிக்காலப் போட்டிக்கும் கொண்டு போகிறேன். ஏப்ரல் வந்தால் சட்டப்படி நாய்களைக் கட்டியே வைத்திருக்க வேண்டும், அதற்கு முன்னால் முடியவேண்டும். ஆனால் நீங்களும் வாருங்கள். அவன் பழகிய ஆள் பக்கத்தில் இருக்கட்டும்."

அன்று மாலை ஹம்மர்பெஸ்டுக்கு அடித்தேன். மச்சானுக்கு எல்லாம் சொன்னேன். "போட்டிக்கோ? உண்மையாவோ அத்தான்? இந்த முறை பகிடி விடாதேங்கோ" என்றார். இல்லையப்பா, உண்மை என்றேன்.

ஜனவரியில் முதல் சனிக்கிழமை. நான் உடுத்திக்கொண்டு போன துணிகளை இப்போது நினைத்தாலும் வியர்க்கிறது. மனைவி கட்டிவிட்ட சால்வையோடு நான் காரில் இருந்து இறங்கியதைப் பார்த்து அந்தப் பெண், பின்னால் இன்னும் யாராவது வருகிறார்களா என்று கேட்டார். பனிச்சறுக்கு எனக்கு வராது என்பது இரண்டு நிமிடத்தில் விளங்கியது. ஆகவே சப்பாத்துக்குக் கீழே சுளகு மாதிரி இரண்டு தட்டுகளைக் கட்டிவிட்டார். சுளகின் மேல் நடந்தால் புதைய மாட்டோம், ஆனால் விழலாம். நான் விழுந்தேன்.

மருமகனை அவிழ்த்துவிட்டதும் அவன் வேறொரு பிராணி ஆனான். உறைபெட்டிக்கு முன்னால் நின்றவன் இவன்தானா? இடமிருந்து வலம், வலமிருந்து இடம், காற்றை மடித்து மடித்து வெட்டிக்கொண்டு ஓடினான். திடீரென்று நடு ஓட்டத்தில் உடம்பு வளைந்தபடியே நின்றது. அந்தப் பெண் அவசரப்படாமல் நடந்து போய் அவன் பக்கத்தில் நின்று ஒரு சொல் சொன்னார். அவன் பாய்ந்தான். வெறும் பனியாக இருந்த இடம் வெடித்து ஆறு வெள்ளைப் பறவைகள் எழும்பின. மருமகன் உடனே குந்தி, அவை போகும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் சுளகோடு உட்கார்ந்துவிட்டேன். கண் கலங்கியதற்குக் காற்றைக் குற்றம் சொன்னேன்.

"ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்திருங்கள்" என்றார் அவர். "காணவில்லை என்றால் அவன் தொலைந்து போகவில்லை. எங்கேயோ நிற்கிறான். அவன் நிற்பது உங்களுக்காக."

நாலைந்து சனிக்கிழமைகள் இப்படிப் போயின. மனைவி கோழியை நிறுத்தினாள், இடுப்பு திரும்பி வந்தது. கதவுக்கு முன்னால் சும்மா நிற்பது நின்றது. ஒவ்வொரு ஞாயிறும் ஹம்மர்பெஸ்டுக்கு அறிக்கை. எத்தனை தரம் நின்றான், எத்தனை பறவை, பாய்ந்த பின் குந்தினானா. நான் விழுந்த கணக்கை மச்சான் கேட்கவில்லை. மனைவி சொன்னாள்.

பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை காலையே புகார் இறங்கியிருந்தது, பத்தடிக்கு அப்பால் எல்லாம் வெள்ளை மூட்டம். அந்தப் பெண் நாயின் கழுத்தில் ஒரு மணி கட்டினார். "கேட்டுக்கொண்டிருங்கள். மணி நின்றால் அவன் நிற்கிறான். கேட்ட திசையில் நேரே போங்கள்." அவர் மேட்டின் ஒரு பக்கமும் நான் மறுபக்கமும் நடந்தோம். மணி என் இடப்பக்கம் கேட்டது, பிறகு முன்னால். பிறகு காற்று ஒன்று அடித்தது. பிறகு மணி இல்லை.

மணி நின்றால் அவன் நிற்கிறான். இதை எனக்குச் சொல்லி இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. ஆனால் என் தலைக்குள் வேறொரு மணி அடிக்கத் தொடங்கியது. நாய் பள்ளத்தில் விழுந்துவிட்டது. பனிக்கடியில் ஓடும் ஆற்றுக்குள் போய்விட்டது. ஓநாய். நாயைக் கூப்பிட என் கழுத்தில் தொங்கிய விசிலை ஊதினேன். நீளமாக ஊதினால் திரும்பி வா என்று அர்த்தம். வரவில்லை. திரும்பத் திரும்ப ஊதினேன். "மருமோன்" என்று மலைவெளியில் நின்று கத்தினேன். அந்த மலைக்கு அந்தச் சொல் முதல்முறையாக இருந்திருக்கும். நேரே போகவில்லை, ஒரு வட்டம் போனேன், பிறகு பெரிய வட்டம். காணாமல் போனதையெல்லாம் கண்டுபிடித்துத் தருகிற அந்தோனியாருக்கு முதலில் ஒரு மெழுகுதிரி நேர்ந்தேன், பத்து நிமிடத்தில் அது பன்னிரண்டாகி, மன்னாரில் இருக்கும் அவருடைய கோயிலுக்கு நேரில் வருவதாகவும் சேர்த்துக்கொண்டேன். நடுவில் மச்சானுக்கு என்ன சொல்வது என்று ஒத்திகையும் பார்த்தேன். ஒன்றிலும் பகிடி வரவில்லை.

என் சத்தத்துக்கு அந்தப் பெண் மேட்டைக் கடந்து வந்தார். "எங்கே கடைசியாகக் கேட்டது?" என்றார். கையை நீட்டினேன். அவர் அந்தத் திசையிலேயே நடந்தார். நான் அவரை முந்திக்கொண்டு, விழுந்து எழும்பி ஓடினேன். நான் முதலில் நின்ற இடத்தில் இருந்து இருநூறு மீட்டர்கூட இராது.

முழங்கால் உயரமான ஒரு புதருக்குப் பின்னால் அவன் நின்றான். முதுகில் பனி ஒரு விரற்கடை படிந்திருந்தது. தூக்கிய கால் தூக்கியபடி. உடம்பு முழுக்க நடுங்கிக்கொண்டிருந்தது. என் விசில் அத்தனையும் அவனுக்குக் கேட்டிருக்கிறது. வா என்று நான் ஊதியிருக்கிறேன், போகாதே என்று பறவை மணத்திருக்கிறது. அவன் போகவில்லை. மணியும் அசையவில்லை. நான் வந்த சத்தம் கேட்டதும் தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் என் பக்கம் திருப்பினான். வந்திட்டியா என்பது போல.

எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. திருவிழாக் கூட்டத்தில் காணாமல் போன பிள்ளை திரும்பக் கிடைத்தால், முதலில் ஓர் அறை. பிறகுதான் கட்டிப்பிடித்து அழுவது. எனக்கும் அப்படி விழுந்திருக்கிறது, என் அம்மாவுக்கும் விழுந்திருக்கும். அந்த அறைக்குள் அன்பு இருக்கிறதென்று வாங்கியவர்களுக்குத் தெரியும். இந்த நாட்டில் பிள்ளை வளர்க்கும்போது அதை விட்டுவிட்டோம். என் இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரு நாளும் கை ஓங்கியதில்லை. அந்தக் கை போகாமல் உள்ளேயே இருந்திருக்கிறது.

"எங்கையடா போனனீ" என்று கேட்டபடி அறைந்தேன். காதும் கன்னமும் சேருகிற இடத்தில். கையுறை போட்ட கைதான். சத்தம்கூடப் பெரிதாக வரவில்லை.

அதே நேரம் பனிக்குள் இருந்து பறவைகள் வெடித்து எழும்பின. எத்தனை என்று நான் எண்ணவில்லை. அவனும் பார்க்கவில்லை. அவன் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தூக்கிய காலை மெதுவாகப் பனியில் வைத்து, வயிறு தரையில் படப் படுத்தான். நான் முறைப்படி கட்டிப்பிடித்து அழுதேன். எங்கள் பிள்ளையாக இருந்தால் அதோடு கணக்குச் சரியாகியிருக்கும். அவனுக்கு அந்த முறை தெரியாது.

அந்தப் பெண் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "உங்கள் முதல் விசிலில் இருந்து நாற்பது நிமிடம்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "அவன் வேலை செய்துகொண்டிருந்தான்" என்றார். மணியைக் கழற்றிப் பைக்குள் வைத்தார். திட்டியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

அடுத்த சனிக்கிழமை அவனை அவிழ்த்துவிட்டோம். என் சுளகுக்குப் பின்னாலேயே நடந்தான். அதற்கடுத்த முறை நான் காருக்குள்ளேயே இருந்தேன், அவர் தனியாகக் கொண்டுபோனார். கொஞ்சம் ஓடினானாம், இரண்டு முறை நின்றானாம். ஆனால் ஆள் கிட்டப் போகத் திரும்பிப் பார்த்துவிட்டுப் படுத்துவிடுகிறான் என்றார். நான் கார்க் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டேன், போட்டிக்கு முன்னால் சரியாகிவிடுமா என்று. "போட்டியை விடுவோம். அது அவனுக்கு அநியாயம்" என்றார். மார்ச் முடியும்வரை முயற்சி செய்தார். ஏப்ரல் வந்தது. கட்டினோம்.

ஈஸ்டருக்கு மச்சான் வந்தார். ஏன் போட்டிக்குப் போகவில்லை என்று கேட்டார். நான் ஆயத்தமாகவே இருந்தேன்.

"உன்ரை அக்காவைக் கேள். கோழி குடுத்துக் குடுத்து மருமோனை மாப்பிள்ளை ஆக்கிப்போட்டாள். இடுப்பே இல்லை, பிறகெங்கை ஓடுறது?"

எல்லோரும் சிரித்தார்கள். மனைவியும் சிரித்தாள். கோழியை அவள் ஜனவரியிலேயே நிறுத்திவிட்டாள் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். சிரித்துக்கொண்டே என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் நாயின் கழுத்தைத் தடவினேன். அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

செப்டெம்பரில் வேட்டைக்காலம் தொடங்கிய முதல் கிழமை மச்சான் தொலைபேசியில் வந்தார். குரலில் கலக்கம்.

"அத்தான், இவன் நிக்கிறான். மணம் பிடிக்கிறதிலை ஒரு பிழையும் இல்லை. ஆனால் நான் கிட்டப் போகப் படுத்திடுறான். கோழியாலை இப்பிடி வராது. ஆரோ இவனுக்கு அடிச்சிருக்கினம்."

நான் தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"அந்த நோர்வேக்காரிதான் அடிச்சிருப்பாள். அவளின்ரை நம்பரைத் தாங்கோ. எடுத்துக் கேக்கப்போறன்."

அடுத்த வசனம் எனக்கு நாக்கின் நுனியில் இருந்தது. நம்பர் துலைஞ்சு போச்சு. அவ்வளவுதான். மச்சானும் அந்தப் பெண்ணும் ஒருவரையொருவர் சந்திக்கப்போவதில்லை. என் மனைவியின் மேல் ஏற்கெனவே ஒரு பொய்யைப் போட்டாயிற்று, அது சிரிப்போடு போயிற்று. ஆனால் அந்தப் பெண் ஒரு நாயைத் தொட்டால்கூட மென்மையாகத் தொடுவதைத்தான் நான் கண்டிருக்கிறேன். குசினியில் மனைவி பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டு எனக்குக் காதுகொடுத்துக்கொண்டு நின்றாள்.

"அவ இல்லை. நான்தான் அடிச்சனான்."

"பகிடி விடாதேங்கோ அத்தான்."

"பகிடி இல்லை."

சொன்னேன். புகார், மணி, விசில், புதர், எல்லாவற்றையும். நடுவில் அந்தோனியாருக்கு நேர்ந்ததையும் சொல்லிவிட்டேன், பழக்கதோஷம். அவர் சிரிக்கவில்லை. சொல்லி முடித்தேன். திட்டுவார், அல்லது வைத்துவிடுவார் என்று நின்றேன்.

"எவ்வளவு நேரம் நிண்டவன்?" என்று கேட்டார்.

"நாப்பது நிமிஷம்."

"விசில் ஊத ஊதவோ?"

"ஓம்."

"முதுகிலை பனி கொட்டக் கொட்டவோ?"

"ஓம்."

"நாப்பது நிமிஷம்" என்றார் மச்சான். என்னிடம் சொன்னது மாதிரி இல்லை. தன் காலடியில் படுத்திருந்த மருமகனிடம் சொன்னது மாதிரி இருந்தது. பிறகு மெல்லக் கேட்டார், "நிண்டது எப்பிடி அத்தான்? கால் தூக்கியபடியோ?"

நான் கால் எப்படி இருந்தது, வால் எப்படி இருந்தது என்று சொல்லத் தொடங்கினேன். அவன் செய்த மிகப்பெரிய வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தது இரண்டே பேர். அதில் ஒருவன் நான். ஆகவே ஒன்றையும் விடாமல் சொன்னேன்.